இறப்புப் பதிவுகளில் தொடங்கிய இயந்திரம்: ஹேர்மன் ஹொலரித்

ஹேர்மன் ஹொலரித் 1860ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் பவலோ நகரில் பிறந்தார். பெற்றோர் ஜேர்மனியிலிருந்து குடியேறியவர்கள். பொறியியல் படித்து முடித்தவருக்கு 1880 குடிசன மதிப்பீட்டில் வேலை கிடைத்தது. அங்கே பிறப்பு, இறப்புப் புள்ளிவிபரங்களைக் கவனித்தவர் ஜோன் ஷோ பில்லிங்ஸ். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயப்பட்டோருக்குச் சத்திரசிகிச்சை செய்த இராணுவ வைத்தியர் அவர். யார், எந்த வயதில், எதனால் இறந்தார் என்று கையால் எண்ணும் வேலையை இயந்திரத்திடம் விட முடியாதா என்ற எண்ணத்தை ஹொலரித்தின் மனதில் போட்டவர் அவரே.

ஹொலரித் கண்ட வழி துளையிட்ட அட்டை. ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. வயதுக்கு ஒரு துளை, நோய்க்கு ஒரு துளை. துளை வழியே ஊசி பாதரசத்தைத் தொட்டால் மின்சாரம் பாயும், கணக்கில் ஒன்று கூடும், உரிய பெட்டியின் மூடி திறக்கும். முதலில் பரீட்சித்தது பால்ரிமோர் நகரின் இறப்புப் பதிவுகளில். பிறகுதான் 1890 குடிசன மதிப்பீடு: ஆறு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்.

மருத்துவத்துறையினர் கவனிக்க வேண்டியது மின்சாரத்தை அல்ல, பின்னாளில் இவ்வகை இயந்திரங்களில் அட்டைகளை வரிசைப்படுத்திய முறையை. 000 முதல் 999 வரை எண்ணிட்ட ஆயிரம் நோயாளர் அட்டைகள் குலைந்து கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் 499,500 ஒப்பீடுகள். அதற்குப் பதிலாக, கடைசி இலக்கத்தைப் பார்த்துப் பத்துத் தட்டுகளில் போடுங்கள். ஒழுங்கு குலையாமல் சேர்த்தெடுத்து நடு இலக்கத்தின்படி போடுங்கள், பின் முதல் இலக்கத்தின்படி. 3,000 தடவை அட்டை போட்டதோடு வேலை முடிந்தது. கடைசி இலக்கத்தில் தொடங்குவது விசித்திரமாகப் படும். ஏழெட்டு அட்டைகளை வைத்துச் செய்து பார்த்தால் விளங்கிவிடும். அட்டைகள் பத்து மடங்கானால் முதல் முறையில் வேலை ஏறத்தாழ நூறு மடங்காகும். இதில், இலக்கங்களின் எண்ணிக்கை மாறாவிட்டால், பத்து மடங்குதான். கணினிகளும் இம்முறையைக் கையாள்கின்றன. ரேடிக்ஸ் வரிசைப்படுத்தல் என்பது அதன் பெயர்.

ஹொலரித் வளைந்து கொடுக்காத மனிதர். வாடகைத் தகராறில் குடிசன மதிப்பீட்டுத் திணைக்களத்தோடு முறித்துக்கொண்டார். 1896இல் அவர் தொடங்கிய நிறுவனம் வேறு சிலவற்றோடு இணைந்து, 1924இல் ஐ.பி.எம். ஆனது. 1929 நவம்பர் 17இல் வொஷிங்டனில் காலமானார்.

அதன் பின்னர் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். பதிவேடுகளுக்கு அஞ்சி வாழ்ந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. 1933இல், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டில், பிரஷ்யாவின் குடிசன மதிப்பீட்டை ஜேர்மனியில் அவர் பெயர் தாங்கிய நிறுவனமே இந்த இயந்திரங்களில் செய்து கொடுத்தது. அந்த அட்டைகளில் சமயத்துக்கும் ஒரு துளை இருந்தது.