லிண்டிஸ்பாண் கோல்மான்

ஒரே பெயர் பலருக்கு வழங்குவது எந்நாட்டிலும் உண்டு. முற்கால அயர்லாந்தில் கோல்மான் என்னும் பெயர் பெருவழக்காயிருந்தது. சிறு புறா என்பது அதன் பொருள். 604ஆம் ஆண்டில் மடிந்த அரசர் கோல்மான் ரிமிட் ஒருவர். புலவராயிருந்து துறவு பூண்டு, குளோயின் மடத்தை நிறுவிய கோல்மான் மற்றொருவர். இப்பெயர் பூண்ட துறவியர் மிகப் பலர். அவருள், தோல்வியிலும் பெருமை குன்றாதவர் லிண்டிஸ்பாண் கோல்மான் ஆவார்.

இங்கிலாந்தின் வடபாலிருந்த நோதம்பிரியா இராச்சியத்துக்கு, 635ஆம் ஆண்டில் அயோனாத் தீவிலிருந்து எயிடன் என்னும் துறவி சென்று, லிண்டிஸ்பாண் தீவில் மடம் அமைத்தார். அவருக்குப் பின் பினானும், 661இல் கோல்மானும் மேற்றிராணியாராயினர். அம்மடத்தின் வாழ்வு மிக எளியது. கோயிலையன்றி அங்கிருந்த கட்டடங்கள் மிகச் சில. கால்நடையன்றி வேறு செல்வமில்லை. செல்வர் ஈந்த பணம் உடனே வறியோரைச் சேர்ந்தது.

அக்காலத்தில் உயிர்த்த ஞாயிற்றுப் பெருவிழாவின் நாளைக் கணிப்பதிற் பிணக்கு மூண்டது. அயோனாவினர் 84 ஆண்டு வட்டத்தைப் பின்பற்றினர். உரோமையினரோ வேறு முறையைக் கைக்கொண்டனர். கெந்து நாட்டில் வளர்ந்த அரசி உரோமை முறையினள். ஆதலின், ஒசுவி மன்னன் பெருவிழாக் கொண்டாடும் வேளையில் அரசி குருத்தோலை ஞாயிற்று நோன்பிலிருத்தலும் நேர்ந்தது. 664ஆம் ஆண்டில் விற்பி மடத்திற் பேரவை கூடியது. கோல்மான் தம் முன்னோர் வழக்கை எடுத்துரைத்தார். உரோமையின் பக்கம் நின்று வில்பிரிட் வாதித்தார். விண்ணகத் திறவுகோல் பேதுருவிடம் உள்ளதென்பதே மன்னன் உள்ளத்தை ஈர்த்தது. தீர்ப்புக் கோல்மானுக்கு மாறாயிற்று.

கோல்மான் பதவியைப் பற்றி நிற்கவில்லை, கலகமும் விளைக்கவில்லை. எஞ்சியோர்க்கு எயிடனின் மாணாக்கராகிய ஈட்டாவைத் தலைவராக்குமாறு மன்னனை வேண்டினார். எயிடனின் எலும்புகளில் ஒரு பகுதியை அவ்விடத்தே விட்டு, மறுபகுதியைத் தம்முடன் எடுத்தேகினார். அயர்லாந்துத் துறவிகளோடு ஏறத்தாழ முப்பது ஆங்கிலத் துறவிகளும் அவரைப் பின்தொடர்ந்தனர்.

அயோனாவில் தங்கியபின், 668இல் அயர்லாந்தின் மேற்கரைக்கு அப்பாலுள்ள இனிஷ்போபின் தீவில் மடம் நிறுவினார். ஆண்டும் பிணக்கு நேர்ந்தது. இம்முறை அது சமயக் கணிப்பாலன்று, விளைச்சலால் எழுந்தது. கோடையில் அறுவடை வேளையில் அயர்லாந்துத் துறவிகள் தமக்குப் பழக்கமான இடங்களுக்குச் சென்றுவிடுவர்; மாரியில் மீண்டு, ஆங்கிலத் துறவிகள் உழைத்துச் சேர்த்ததிற் பங்கு கேட்பர். தம் இனத்தார் என்று கோல்மான் அவர்பக்கம் சாயவில்லை. உழைத்தோரைப் பொறுத்துப்போகுமாறு பணிக்கவுமில்லை. மேயோ என்னுமிடத்திற் சிறு நிலம் விலைக்கு வாங்கி, அங்கே மடம் எழுப்பி, ஆங்கிலத் துறவிகளைக் குடியேற்றினார். தாமோ பழைய தீவிலேயே வாழ்ந்து, 676ஆம் ஆண்டளவில் உயிர்நீத்தார்.

716இல் அயோனாவும் உரோமைக் கணிப்பை ஏற்றது. கோல்மான் காத்த வழக்கு அங்கும் மறைந்தது. மேயோ மடமோ தழைத்தது. 731இல் தமது வரலாற்று நூலை முடித்த பீட் என்னும் ஆங்கிலத் துறவி, அம்மடம் பெருகி வளர்ந்ததையும், அங்குள்ளோர் தம் கையுழைப்பால் உண்டதையும் குறித்துள்ளார். பீட் உரோமைக் கணிப்பையே சரியெனக் கொண்டவர். எனினும் கோல்மானின் எளிமையை மனமாரப் போற்றினார். வாதத்தில் எதிர்நின்றோரும் மறுக்கவியலாத புகழ் வாழ்க்கையாலன்றி வாயாற் கிட்டுவதன்று.