தோலும் மூளையும் ஒரே அடுக்கிலிருந்து: யார் இந்த ராபர்ட் ரெமாக்?

நீங்க ராப்பகலா செஞ்ச வேலைக்கு இன்னொருத்தர் பேர் வாங்கினா எப்படி இருக்கும்? ராபர்ட் ரெமாக்குக்கு அதுதான் நடந்தது.

1815-ல் போசன் நகரில் (இன்றைய போலந்தின் போஸ்னான்) யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெர்லினில் மருத்துவம் படித்து, 1838-ல் பட்டம் பெற்றார். ஆனால் அன்றைய பிரஷ்யாவில் ஒரு யூதர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த வேண்டுமென்றால் கிறிஸ்தவராக மாறணும். ரெமாக் மாறவில்லை. நோயாளிகளைப் பார்த்து வந்த வருமானத்தில் குடும்பத்தை நடத்திக்கொண்டு, ஆய்வகத்தில் சம்பளமில்லாமல் உழைத்தார். பல ஆண்டு போராட்டத்துக்குப் பிறகு, 1847-ல்தான் பாடம் நடத்த அனுமதி கிடைத்தது.

அப்படி என்ன கண்டுபிடித்தார்?

கருவில் முதலில் அடுக்குகள் உருவாவதை கோழிக்கருவில் 1817-லேயே கிறிஸ்டியான் பாண்டர் பார்த்துவிட்டார். எந்த அடுக்கு எந்த உறுப்பாகிறது என்பதில்தான் குழப்பம். ரெமாக் அதை மைக்ராஸ்கோப்பில் செல் செல்லாகப் பின்தொடர்ந்தார். அடுக்குகள் மூன்று என்று தெளிவாக்கி, 1850 முதல் 1855 வரை வெளியிட்டார்.

இன்றைய அறிவியல் சொல்லும் கணக்கு இது:

- வெளி அடுக்கு: தோல், முடி, மூளை, நரம்புகள்.
- நடு அடுக்கு: தசை, எலும்பு, இதயம், ரத்தக் குழாய், சிறுநீரகம்.
- உள் அடுக்கு: குடல், நுரையீரலின் உட்பரப்பு, கல்லீரல், கணையம்.

தோலுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறீங்களா? வெளி அடுக்கின் நடுப்பகுதி வாய்க்கால் மாதிரி குழிகிறது. இரண்டு கரைகளும் மடிந்து ஒட்டிக்கொள்ள, ஒரு குழாய் உருவாகிறது. மூளையும் தண்டுவடமும் அதிலிருந்து வருகின்றன. வெளியே தங்கியது தோலாகிறது. நம்ம எல்லாருக்குமே இந்த மூன்று அடுக்குகளும் கருவின் மூன்றாவது வாரத்தில் உருவானவைதான்.

பேர் யாருக்குப் போனது?

ஒரு செல் பிரிந்துதான் இன்னொரு செல் உருவாகிறது என்பதையும் ரெமாக் 1852-லேயே எழுதிவிட்டார். 1855-ல் ருடால்ஃப் விர்ச்சோ அதே கருத்தை, ரெமாக்குக்கு உரிய இடம் தராமல் வெளியிட்டார். பாடப்புத்தகங்களில் நின்றது விர்ச்சோவின் பெயர்.

1859-ல் ரெமாக்குக்கு உதவிப் பேராசிரியர் பதவி கிடைத்தது. முழுப் பேராசிரியர் பதவி கடைசிவரை கிடைக்கவே இல்லை. 1865-ல், 50 வயதில் இறந்தார்.

இன்று ஆய்வகத்தில் ஸ்டெம் செல்லிலிருந்து இதயத் தசையை வளர்ப்பவர்கள், முதலில் அதை நடு அடுக்குச் செல்லாகத்தான் மாற்றுகிறார்கள். ரெமாக் காட்டிய அதே வழிதான்.