கஞ்சமலை இரும்பும் கடல்வழியும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்குக் கடற்கரை இல்லை. ஆயினும், இச்சமவெளியின் பொருளாதார வரலாற்றைக் கடலைத் தவிர்த்துவிட்டு எழுத இயலாது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயரின் வாழ்க்கை இதற்குச் சிறந்த சான்று என்று கருதுகிறேன். உலோகவியல் வரலாற்றில் அழியாத இடம் பெற்ற அவரை நம் ஊரார் ஏறத்தாழ மறந்துவிட்டனர்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிக அதிகாரியாகச் சேலம் வந்த ஹீத், கஞ்சமலையின் இரும்புத் தாதுவைக் கண்டு வியந்தார். அதைவிட அவரை ஈர்த்தது இங்குள்ள கொல்லர்களின் அறிவு. அவர்கள் சிறிய களிமண் மூசையில் இரும்புத் துண்டுகளையும் உலர்ந்த ஆவாரங்குச்சிகளையும் இட்டு, எருக்கிலை போன்ற பச்சிலைகளால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து உலையில் வைப்பர். சில மணி நேரத்தில் உயர்ந்த எஃகு உருவாகும். ஐரோப்பாவில் அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்ட 'ஊட்ஸ்' எஃகு இதுவே. இம்முறையை ஹீத் கவனித்துப் பதிவு செய்தார். ஆனால், அந்தக் கொல்லர்களில் ஒருவருடைய பெயரையும் நாம் அறியோம்.

இந்த இரும்பைப் பெருமளவில் உருக்கி உலகச் சந்தைக்கு அனுப்ப விரும்பிய ஹீத், கம்பெனிப் பணியைத் துறந்தார். ஆலைக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் கஞ்சமலை அடிவாரமன்று. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ள பரங்கிப்பேட்டை. 1830-இல் அங்கு இரும்பாலை எழுந்தது. தாது வண்டிகளிலும், பின்னர் காவிரி, கொள்ளிடம் வழியே பரிசல்களிலும் பயணம் செய்தது. சுண்ணாம்புக்கு மாற்றாகக் கடற்சிப்பிகள் உதவின. உருக்கிய வார்ப்பிரும்பு கப்பலேறி இங்கிலாந்து சென்றது. 1833-இல் இம்முயற்சி ஒரு நிறுவனமாக விரிவடைந்தது. சேலத்துக் குரோமியத் தாதுவும் அதன் வணிகத்தில் இடம்பெற்றது. மேற்குக் கரையில் பேப்பூரிலும் ஓர் ஆலை உருவாயிற்று.

கணக்கு எங்கே பிழைத்தது? துறைமுகம் அருகில் இருந்தது. தாது தொலைவில் இருந்தது. காவிரியோ ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடும் ஆறன்று. எரிபொருள் கரி என்பதால் காடுகள் அழிந்தன. காடு விலக விலகச் செலவு ஏறியது. கல்கரியில் மலிவாக உருக்கப்பட்ட ஆங்கிலேய இரும்புடன் போட்டியிட முடியவில்லை. ஹீத்துக்குப் பின் வந்த மற்றொரு நிறுவனமும் காவிரிக் கரையிலுள்ள பூலாம்பட்டியில் உலை அமைத்துப் பார்த்தது. ஆயினும், அந்த முயற்சியும் நிலைக்கவில்லை.

ஹீத்தின் பிற்கால வாழ்க்கை துயரமானது. ஷெஃபீல்டு நகரில் குடியேறிய அவர், எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். எஃகு பெருமளவு மலிவாயிற்று. ஆனால், அவருடைய முகவராக இருந்தவரே அம்முறையைச் சிறிது மாற்றி, உரிமைத்தொகை தராமல் பயன்படுத்தினார். பிறரும் அவ்வழியே சென்றனர். நீண்ட வழக்கின் நடுவே, 1851-இல் ஹீத் இறந்தார். 1855-இல் பிரபுக்கள் சபை அளித்த இறுதித் தீர்ப்பும் அவர் தரப்புக்கு எதிராகவே அமைந்தது. பெயரற்ற கொல்லர்களின் அறிவைக் கற்று உயர்ந்தவர், தம் அறிவுக்கான பயனைத் தாமே இழந்தார் என்பது வரலாற்றின் முரண்.

ஹீத்தைப் போற்றுவதோ தூற்றுவதோ என் நோக்கமன்று. அவருடைய கணக்கை நாம் மீண்டும் படிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இன்று நாமக்கல் முட்டை குளிரூட்டிய கொள்கலன்களில் ஏறி வளைகுடா நாடுகளுக்குச் செல்கிறது. சேலம் உருக்காலையின் எஃகும், குமாரபாளையம், பள்ளிபாளையம் துணிகளும் வெளிச்சந்தையை நம்பியுள்ளன. துறைமுகம் வரையிலான ஒவ்வொரு கிலோமீட்டரும் விலையில் ஏறுகிறது. பெரிய நிறுவனம் இச்சுமையைத் தாங்கும். சிறு பண்ணையாளரும் விசைத்தறியாளரும் தாங்க மாட்டார்கள்.

2016-ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிகள் சட்டம் பட்டியலிட்ட 111 நீர்வழிகளில் காவிரி-கொள்ளிடமும் ஒன்று. ஆனால், பட்டியலில் இடம்பெற்றதால் மட்டும் ஆற்றில் படகு ஓடிவிடாது. பாசனத்துக்கே நீர் போதாத ஆற்றில் சரக்குப் போக்குவரத்தைக் கனவு காண்பது, ஹீத் செய்த பிழையை மீண்டும் செய்வதாகும். நமக்குத் தேவை, சமவெளியிலிருந்து துறைமுகங்களுக்கு நேரடிச் சரக்கு ரயில்களும், சிறு உற்பத்தியாளர்கள் பகிர்ந்து பயன்படுத்தும் கொள்கலன் முனையங்களும், குளிர்பதனக் கிடங்குகளுமே.

கடல் இல்லாத ஊருக்குத் துறைமுகம் வேண்டாம் என்று எண்ணுவது பேதைமை. வழியைச் சரிசெய்யாமல் துறைமுகத்தை மட்டும் நம்புவது அதனினும் பேதைமை. ஹீத் தம் செல்வத்தை இழந்து கற்ற பாடத்தை நாம் இழப்பின்றிக் கற்கலாமே.