கற்க வந்தவர், கற்பிப்பவர் ஆனார்
(வீரமாமுனிவர் வாழ்வு – ஒரு சிந்தனை)



மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் சாலையில் கப்பலூரைக் கடக்காதவர்கள் நம்மில் குறைவு. சுங்கச்சாவடியும் சிட்கோ தொழிற்பேட்டையும் அந்த ஊரின் அடையாளங்கள். மாலையில் வேலை விடும் நேரத்தில் அங்குள்ள தேநீர்க் கடை ஒன்றில் சற்று நின்று பாருங்கள். தமிழோடு இந்தியும் காதில் விழும். வட மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த சகோதரர்கள் தெரிந்த நாலு தமிழ்ச் சொற்களையும் பத்து விரல்களையும் வைத்துச் சமாளித்துக்கொண்டிருப்பார்கள். மறுபக்கம், நம் வீட்டுப் பிள்ளைகள் செவிலியர் வேலைக்காக ஜெர்மன் படிக்கிறார்கள். நம் குருக்களும் அருட்சகோதரிகளும் ஐரோப்பாவில் பணியாற்ற, வயது வந்தபின் அந்நாட்டு மொழிகளை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். தெரியாத மொழியின் முன் எல்லோரும் குழந்தைகள்தாம்.

கப்பலூரைத் தாண்டும் அதே நெடுஞ்சாலை விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று தெற்கே நீள்கிறது. கோவில்பட்டிக்கு அருகில் உள்ள காமநாயக்கன்பட்டியில், ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன், ஓர் இத்தாலியக் குரு மறைப்பணி செய்தார். அவரும் முதலில் நம் மொழியில் ஒரு குழந்தையாகத்தான் இருந்தார். அவர்தான் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. நாம் அன்போடு அழைக்கும் பெயர் வீரமாமுனிவர்.

தேம்பாவணி பாடிய புலவர் என்று அவரை எல்லோருக்கும் தெரியும். சென்னை மெரினா கடற்கரையில் 1968-ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அவருக்குச் சிலையும் வைத்தார்கள். ஆனால் அவருக்கு இன்னொரு முகமும் உண்டு. அவர் ஒரு மொழி ஆசிரியர். தமக்குப் பின் தமிழ் கற்க வருவோருக்கு வேண்டிய பாடநூல்களைத் தம் கையாலேயே ஆக்கித் தந்தவர். இன்று அந்த முகத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

இத்தாலி மண்ணிலிருந்து மதுரை மறைத்தளத்திற்கு

1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள், வட இத்தாலியில் மாந்துவா பகுதியைச் சேர்ந்த காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார் பெஸ்கி. புனித அலோசியஸ் கொன்சாகா பிறந்ததும் அதே ஊர்தான். 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றபின் இந்தியாவுக்குக் கப்பலேறி, கோவா வழியாக மதுரை மறைத்தளத்திற்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு முப்பது வயது.

1606-இல் தத்துவ போதகர் என்னும் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து தொடங்கிய மறைத்தளம் அது. அங்கு பணிசெய்யும் குரு மக்களின் மொழியையும் பழக்க வழக்கங்களையும் ஏற்று வாழ வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. பெஸ்கியும் அந்த வழியில் நடந்தார். காவி உடை தரித்தார். மரக்கறி உணவை ஏற்றார். கான்ஸ்டன்டைன் என்ற பெயரின் பொருளுக்கு ஏற்பத் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். வீரமாமுனிவர் என்ற பெயர் பின்னால் வந்தது.

பெயருக்கேற்ற தைரியமும் அவருக்குத் தேவைப்பட்டது. வந்து சில ஆண்டுகளிலேயே எதிர்ப்பாளர்களிடம் சிக்கி, மரண தண்டனை வரை போய் உயிர் தப்பினார். ஊருக்கு ஊர் நடந்து, பூசை நிறைவேற்றி, பாவசங்கீர்த்தனம் கேட்டு, சண்டை சச்சரவுகளைத் தீர்த்து வைத்து, அதற்கிடையில்தான் அவர் தமிழ் படித்தார். சுப்பிரதீபக் கவிராயர் அவருக்கு ஆசிரியராக இருந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

தாம் இடறிய கல்லை எடுத்துப் போட்டவர்

வீரமாமுனிவருக்கு முன்னும் தமிழ் கற்ற மறைப்பணியாளர்கள் இருந்தார்கள். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அருள்தந்தை ஹென்றீக்கே ஹென்றீக்கஸ் 16-ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துக்கீசியருக்காகத் தமிழ் இலக்கணம் எழுதினார். அவருடைய தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் அச்சானது. அருள்தந்தை அந்தாம் தெ புரோயென்சா தொகுத்த தமிழ் – போர்த்துக்கீசிய அகராதி, அவர் இறந்தபின் 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. ஆக, இவர் முதல்வர் அல்லர். ஆனால் கற்பவனுடைய சிரமத்தை இவர் அளவுக்கு உணர்ந்தவர்கள் குறைவு.

ஓர் எடுத்துக்காட்டு. அக்காலத்தில் பனையோலையில் எழுத்தாணியால் எழுதினார்கள். ஓலை கிழிந்துவிடும் என்பதால் புள்ளி வைப்பதில்லை. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருந்தன. ஒகரமும் ஓகாரமும் அப்படியே. எரி என்பதா, ஏரி என்பதா? கொடு என்பதா, கோடு என்பதா? தமிழிலேயே பிறந்து வளர்ந்தவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். புதிதாகக் கற்பவர் என்ன செய்வார்? திகைத்து நிற்பார். இலக்கண விதிப்படி குறில் எழுத்துக்குத்தான் புள்ளி. வீரமாமுனிவர் அதை மாற்றி, நெடில் எழுத்துக்குத் தனி அடையாளம் கொடுத்தார். கே, பே என்று நாம் இன்று எழுதும் இரட்டைச் சுழிக் கொம்பும், ஏகாரத்தின் கீழ் இழுக்கும் கோடும், ஓகாரத்தின் சுழியும் அவர் செய்த சீர்திருத்தத்தின் பயன் என்பர். கற்க வந்தவர் செய்த மாற்றம், இன்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் சிலேட்டில் இருக்கிறது!

படிப்படியாக ஒரு பாடத்திட்டம்

அவர் எழுதிய நூல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு நல்லாசிரியரின் திட்டம் தெரிகிறது.

முதலில் பேச்சு. மக்கள் வீட்டிலும் சந்தையிலும் பேசும் தமிழுக்குக் கொடுந்தமிழ் என்று பெயரிட்டு, அதற்கு இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். 1728-இல் எழுதி முடித்ததாகச் சொல்வர். புலவர்கள் பேச்சுத் தமிழை இலக்கணத்திற்கு உரியதாக மதிக்காத காலம் அது. ஆனால் வயலில் நிற்கும் உழவன் தன் துயரத்தைச் செய்யுளில் சொல்லமாட்டான். சாகும் தறுவாயில் இருக்கும் பாட்டி இலக்கணத் தமிழில் பாவசங்கீர்த்தனம் செய்யமாட்டாள். அவர்கள் பேசுவது புரியாவிட்டால் குரு எதற்கு? ஆகவே எளியவர்களின் பேச்சைக் கற்கத் தகுந்த மொழியாக மதித்தார்.

அடுத்து வாசிப்பு. இலக்கணத்தை மட்டும் படித்தவனுக்கு மொழி வராது என்று அவருக்குத் தெரியும். ஆகவே பரமார்த்த குருவின் கதையை எழுதினார், இலத்தீன் மொழிபெயர்ப்போடு. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். அவர்களுக்கு ஏற்ற ஒரு குரு. ஆறு தூங்குகிறதா என்று பார்க்க ஒரு சீடன் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்கிறான். சுர்ரென்று சத்தம் வருகிறது. ஆறு விழித்திருக்கிறது என்று பயந்து ஓடி வருகிறான். பிறகு ஒருவழியாக அக்கரை சேர்ந்து, எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ண, ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று எல்லோரும் ஒப்பாரி வைக்கிறார்கள். நாம் சிறுவயதில் சிரித்துப் படித்த கதை. ஆனால் கற்பவர் கண்ணோடு பாருங்கள். எண்கள், விலை பேசுதல், வழிப்பயணம், அழுகை, சண்டை என்று அன்றாட வாழ்வின் சொற்கள் அத்தனையும் அதில் வந்துவிடுகின்றன. சிரித்துக்கொண்டே கற்றது மறக்காது என்பதை அவர் அறிந்திருந்தார்.

மூன்றாவது சொல்வளம். தமிழ் – இலத்தீன் அகராதியும், போர்த்துக்கீசிய – இலத்தீன் – தமிழ் அகராதியும் தொகுத்தார். 1732-இல் சதுரகராதியை முடித்தார். அதுவரை இருந்த நிகண்டுகள் பெரும்பாலும் செய்யுள் வடிவில் இருந்தன. மனப்பாடம் செய்தவனுக்குத்தான் அவை உதவும். வேண்டிய சொல்லை வேண்டியபோது அகர வரிசையில் தேடி எடுக்கும்படி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக அவர் சதுரகராதியை அமைத்தார்.

நான்காவது இலக்கியம். பேச்சும் வாசிப்பும் கைவந்தவருக்குச் செந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். தமிழ் அறிந்தோருக்குத் தொன்னூல் விளக்கம் தந்தார். புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 3615 பாடல்களில் அவர் பாடிய தேம்பாவணி, இந்தப் படிக்கட்டின் உச்சியில் நிற்கிறது. ஆனால் உச்சியில் நின்றவர், கீழே முதல் படியில் தடுமாறுகிறவனை மறக்கவில்லை.

கற்பிப்பவருக்கும் ஒரு நூல்

ஒரு குருவுக்குப் பல ஊர்கள் இருந்த காலம். குரு இல்லாத நாட்களில் மறைக்கல்வி கற்றுத் தந்தவர்கள் வேதியர்கள் என்னும் உபதேசியார்கள். அவர்களுக்காக 1727-இல் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை எழுதினார். கற்பிக்கிறவர் முதலில் தாம் நன்றாக வாழ வேண்டும் என்பதை நூலின் பெயரே சொல்லிவிடுகிறது. அடைக்கல அன்னையின் திருத்தலமான ஏலாக்குறிச்சியில் அவர் பல ஆண்டுகள் தங்கிப் பணியாற்றினார். திருக்காவலூர் என்று அவர் பாடிப் புகழ்ந்த அந்த ஊர், செபத்திற்கும் தமிழுக்கும் ஒருசேர வீடாக இருந்தது.

எதிரணியின் அச்சகத்தில்

அவருடைய வாழ்வில் நம்மை நின்று யோசிக்க வைக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. தரங்கம்பாடியில் 1706 முதல் லுத்தரன் மறைப்பணியாளர்கள் பணியாற்றி வந்தார்கள். அவர்களுக்கும் வீரமாமுனிவருக்கும் கடுமையான வாதம் நடந்தது. வேதவிளக்கம் முதலிய நூல்களில் அவர் அவர்களைக் கடுமையாகவே மறுத்தார். இன்று நாம் அப்படி எழுதமாட்டோம். இருபக்கமும் சூடான சொற்கள் பறந்த காலம் அது.

ஆனால் 1738-இல் கொடுந்தமிழ் இலக்கணம் அச்சானது எங்கே தெரியுமா? அதே தரங்கம்பாடி லுத்தரன் அச்சகத்தில்தான்! வாதத்தில் எதிர்த்தவருடைய நூல் என்று அவர்கள் ஒதுக்கவில்லை. தமிழ் கற்க அது உதவும் என்று கண்டு, அச்சிட்டுப் பயன்படுத்தினார்கள். கிறிஸ்தவ ஒன்றிப்பு என்ற சொல் புழக்கத்திற்கு வராத காலத்தில், ஓர் இலக்கண நூல் இரு தரப்புக்கும் நடுவே சிறு பாலமாக நின்றது.

விதை விழுந்து முளைத்தது

வீரமாமுனிவர் 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் அம்பலக்காட்டில் இறைவனடி சேர்ந்தார். முன்னோடியான அந்தாம் தெ புரோயென்சாவின் அகராதி அச்சான அதே ஊர். பரமார்த்த குருவையும் சதுரகராதியையும் அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. கையெழுத்துப் படிகளாக அவை பலர் கைமாறின.

1812-இல் சென்னையில், கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்கு நாட்டு மொழிகளைக் கற்பிக்கப் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. அங்கே பாடநூல் தேடியபோது கிடைத்தவை இந்த முனிவரின் நூல்கள்தாம். பெஞ்சமின் பாபிங்டன் பரமார்த்த குருவின் கதையை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1822-இல் இலண்டனில் வெளியிட்டார். செந்தமிழ் இலக்கணமும் அவர் மொழிபெயர்ப்பில் அதே ஆண்டு வந்தது. சதுரகராதி 1824-இல் சென்னையில் முழுமையாக அச்சானது. மறைப்பணிக்காக எழுதியதை ஆட்சியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். நூலாசிரியர் கையில் அது இல்லை. ஆனால் பரமார்த்த குருவின் கதையும் சதுரகராதியும் தமிழருக்கே திரும்பி வந்து, நம் சொத்தாயின.

நமக்கு என்ன சொல்கிறார்?

பெந்தக்கோஸ்து நாளில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். எல்லா மக்களும் ஒரே மொழிக்கு மாறவில்லை. அவரவர் தம் சொந்த மொழியிலேயே இறைவனின் செயல்களைக் கேட்டார்கள். தூய ஆவியார் கேட்பவரின் மொழியைத் தேடிச் செல்கிறவர். வீரமாமுனிவரின் வாழ்வு அந்த வழியில் நடந்த ஒரு வாழ்வு. அன்று ஒரு நொடியில் கிடைத்த கொடை, இவருக்குப் பல ஆண்டு உழைப்பாகக் கிடைத்தது. இரண்டும் ஒரே ஆவியாரின் செயலே.

நாம் எப்படி இருக்கிறோம்? கப்பலூர்த் தேநீர்க் கடையில் ஒரு வட மாநிலத் தம்பி உடைந்த தமிழில் பேசும்போது சிரிக்கிறோமா, அல்லது சரியான சொல்லை அன்போடு எடுத்துக் கொடுக்கிறோமா? நம் மண்ணில் ஓர் இத்தாலியர் உடைந்த தமிழில் பேசித் தொடங்கியபோது, யாரோ ஒருவர் பொறுமையாகத் திருத்தியிருப்பார். அவருடைய பெயர் எந்த நூலிலும் இல்லை. அவர் பொறுத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் தேம்பாவணி இல்லை.

பள்ளிகளிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களே, உங்களுக்கு இவர் ஒரு மூத்த உடன்பணியாளர். மாணவன் ஏன் விளங்காமல் நிற்கிறான் என்று கேளுங்கள். நீங்கள் கற்ற நாளில் எங்கே இடறினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் ஒரு சிறு அடையாளம் வையுங்கள். தயாரித்த பாடக் குறிப்பைப் பெட்டியில் பூட்டாமல் அடுத்த ஆசிரியருக்குக் கொடுங்கள். வயது கடந்து வேற்று மொழி படிக்கும் அன்பர்களே, சோர்ந்துவிடாதீர்கள். முப்பது வயதில் அ, ஆ தொடங்கியவர்தான் இந்த முனிவர்.

இந்த வாரம் வேற்று மொழி பேசும் ஒருவரிடம் அவருடைய மொழியில் ஒரு வணக்கம் சொல்லக் கற்போம். அவருக்கு நம் மொழியில் ஒரு சொல்லைக் கற்றுத் தருவோம்.

செபம்: எல்லா மொழிகளையும் அறிந்த இறைவா, எளியவர்களின் பேச்சை மதித்த வீரமாமுனிவரை எங்களுக்குத் தந்ததற்காக நன்றி கூறுகிறோம். கற்பிக்கும் எங்களுக்குப் பொறுமையையும், கற்கும் எங்களுக்குத் தாழ்ச்சியையும், எங்கள் நடுவே வந்து வாழும் அந்நியரை வரவேற்கும் இதயத்தையும் தந்தருளும். ஆமென்.