பைண்டிங் கடையில் பிறந்த பெயர்

முதலாண்டு வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து அறிமுகம் செய்துகொண்ட நாள் நினைவுக்கு வருகிறது. தந்தையின் தொழிலைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் புத்தகம் பைண்டு செய்பவர். பசையும் காலிகோ துணியும் நிறைந்த அந்தச் சிறு கடையைச் சொல்லக் கூசி, வியாபாரம் என்று மட்டும் கூறி அமர்ந்தேன். அந்தக் கூச்சத்தைப் போக்கிய பெருமகனைப் பின்னர் நம் கல்லூரி நூலகத்தில் கண்டேன். அவர்தாம் மைக்கேல் ஃபாரடே.

1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் லண்டனை அடுத்த நியூயிங்டனில், ஒரு கொல்லரின் மகனாக அவர் பிறந்தார். எழுத்தும் எண்ணும் கற்றதோடு பள்ளிப் படிப்பு நின்றது. 1805-இல் ஜார்ஜ் ரீபோ என்பவரின் பைண்டிங் கடையில் ஏழாண்டு தொழில் பழகச் சேர்ந்தார். தைக்க வந்த நூல்களைத் தைத்ததோடு நில்லாமல் படிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியத்தில் கண்ட மின்சாரக் கட்டுரையும், ஜேன் மார்செட் அம்மையாரின் வேதியியல் நூலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன.

1812-இல் கடை வாடிக்கையாளர் ஒருவர் அளித்த அனுமதிச் சீட்டால், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார். கேட்டவற்றை விரிவாக எழுதி, படங்கள் வரைந்து, தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். பட்டமோ பதவியோ இல்லாத அவருக்கு அந்த நூலே முகவரி ஆயிற்று. முதலில் இடமில்லை என்ற டேவி, 1813 மார்ச்சில் அவரை ஆய்வுக்கூட உதவியாளராக அமர்த்திக்கொண்டார்.

தாம் அறிந்ததைப் பிறருக்கு விளங்கச் சொல்ல வேண்டும் என்பதற்காகப் பேச்சுக்கலையையும் முயன்று கற்றார். 1827 முதல் 1860 வரை இளைஞர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளைப் பத்தொன்பது முறை நிகழ்த்தினார். ஃபாரடே பேசுகிறார் என்றாலே அரங்கம் நிரம்பியது.

அந்தப் பெயருக்கும் ஒருமுறை சோதனை வந்தது. 1821-இல் மின்னோட்டத்தாலும் காந்தத்தாலும் இடைவிடாச் சுழற்சியை உண்டாக்கிக் காட்டினார். ஆனால் அவசரமாக வெளியிட்ட கட்டுரையில், அதே துறையில் முன்பே முயன்ற வொல்லாஸ்டனைக் குறிப்பிடவில்லை. பிறர் கருத்தைக் கவர்ந்தார் என்ற பழி பரவியது. ஃபாரடே ஒளியவில்லை. வொல்லாஸ்டனையே அணுகி விளக்கினார்; 1823-இல் நடந்ததை வரிசையாக எழுதி வெளியிட்டார். 1824-இல், தலைவராயிருந்த டேவியே எதிர்த்தும், ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது.

1831-இல் அவர் கண்ட மின்காந்தத் தூண்டலே இன்றைய மின்னாக்கிக்கும் மின்மாற்றிக்கும் அடிப்படை. சர் பட்டத்தையும், ராயல் சொசைட்டியின் தலைமையையும் மறுத்த அவர், 1867 ஆகஸ்டு 25-இல் வெறும் ஃபாரடேயாகவே மறைந்தார்.

அன்புத் தோழர்களே! பெயர் என்பது நாமே பறையடித்துப் பெறுவதன்று. உள்ளம் விரும்பிய பணியைப் பிறர் காணும்படி செம்மையாகச் செய்தால் அது தானே வரும். நேர்மை இருந்தால்தான் நிலைக்கும்.

இவ்வாண்டு என் ரெக்கார்டு நோட்டைத் தந்தையே பைண்டு செய்து தந்தார். இவ்வளவு நேர்த்தியாக யார் செய்தது என்று வகுப்பில் பேராசிரியர் கேட்டார். இம்முறை அனைவருக்கும் கேட்கும்படி சொன்னேன்: என் அப்பா!