ஆண்தன்மையை அளக்க 456 கேள்விகள்: யார் இந்த லூயிஸ் டெர்மன்?

அமெரிக்காவின் இண்டியானாவில், 1877-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் லூயிஸ் டெர்மன். ஐ.க்யூ டெஸ்ட்டை அமெரிக்காவில் பிரபலமாக்கிய ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் இவர்தான்.

1936-ல் கேத்தரின் காக்ஸ் மைல்ஸுடன் சேர்ந்து, ஒருவரின் ஆண்தன்மை, பெண்தன்மையை அளக்கும் டெஸ்ட்டை வெளியிட்டார். மொத்தம் 456 கேள்விகள். ஆண்கள் அதிகம் சொல்லும் பதிலுக்கு பிளஸ், பெண்கள் அதிகம் சொல்லும் பதிலுக்கு மைனஸ். எதை அளக்கிறார்கள் என்பது தெரியாமலிருக்க, டெஸ்ட்டுக்கு வேறு பெயர் வைத்தார்கள்.

வயதான ஆண்களின் ஸ்கோர் பெண்தன்மை பக்கம் சரிந்தது. அப்போ வயசானா ஆண்தன்மை குறைஞ்சிடுமா? சிக்கல் அந்த ஸ்கேலில்தான். ஒன்று கூடினால் மற்றது குறைந்தே ஆகணும். உறுதி, பரிவு இரண்டும் நிறைய உள்ள தாத்தாவுக்கு அதில் இடமே இல்லை.

1956-ல் டெர்மன் மறைந்தார். 1974-ல் சாண்ட்ரா பெம் கொண்டுவந்த 60 கேள்விகள் கொண்ட டெஸ்ட், இரண்டையும் தனித்தனியாக அளந்தது.