ஊரார் வளர்த்த ஓவியர்

வங்காளக் குடும்பமொன்றிலே, பீகாரின் முங்கேர்ப் பகுதியைச் சேர்ந்த கரக்பூரில், 1882ஆம் ஆண்டு பிறந்தவர் நந்தலால் போஸ். அவ்வூர்க் குயவரும் தெய்வவுருச் சமைப்போரும் மண்ணைப் பிசைந்து வடிவாக்குவதை இமையாது நோக்கியிருந்ததே அவர் பெற்ற முதற் கல்வி. ஏட்டுக்கல்வியில் அவர் மனம் பற்றவில்லை. கல்லூரிப் பரீட்சையில் தவறினார், வணிகம் பயில விடுத்தனர், அதுவும் பலிக்கவில்லை. (நம் மாணவர் இதனைத் தமக்குச் சாட்சியாகக் கொள்ளாதிருப்பாராக!) ஈற்றிலே கல்கத்தா ஓவியக் கலாசாலையில் அவனீந்திரநாத தாகூரின் மாணாக்கரானார்.

புகழ் விரைந்து வந்தது. புராணக் காட்சிகளைத் தீட்டினார். அஜந்தாக் குகையோவியங்களைப் படியெடுத்த குழுவிலும் இடம்பெற்றார். கல்கத்தாவிலேயே நிலைத்திருப்பின், செல்வர் மாளிகைச் சுவர்களுக்குரிய ஓவியராகவே அவர் முடிந்திருக்கவுங் கூடும். இரவீந்திரநாத தாகூரின் அழைப்பையேற்றுச் சாந்திநிகேதனம் புகுந்து, 1922இல் கலாபவனத்தின் அதிபரானமை அவர் வாழ்வின் போக்கையே மாற்றியது. வறண்ட செம்மண் வெளியும் அயலிலுள்ள சந்தால் மக்களின் குடியிருப்புக்களுமே அவருக்குப் புதிய ஏடுகளாயின. உழுவோரையும் சந்தைக்குச் செல்வோரையும் சிறு அட்டைகளில் இடையறாது வரைந்தார். அஞ்சலட்டைகளிலே சித்திரந் தீட்டி நண்பருக்கும் மாணாக்கருக்கும் அனுப்பினார்.

1938இல் குஜராத்திலுள்ள ஹரிபுரா என்னுங் கிராமத்திலே காங்கிரஸ் மகாசபை கூடியது. வழிச்செல்லும் கிராமத்தார் கண்டு மகிழுமாறு அவ்விடத்தை அணிசெய்யும் பணியைக் காந்தியடிகள் அவரிடம் ஒப்படைத்தார். தச்சர், சக்கிலியர், மேளகாரர், நெற்குற்றும் மகளிர், மதலைக்குப் பாலூட்டுந் தாய் ஆகியோரை மண்வண்ணங்களாற் காகிதத்திலே தீட்டினார். மாணாக்கர் அவற்றைப் படியெடுக்க, சுமார் நானூறு ஓவியங்கள் வாயில்களையும் பந்தல்களையும் நிறைத்தன. இவற்றை விரைவில் வரைந்த விளம்பரப் படங்களென இகழ்வாரும் உளர். யாம் அதற்கு உடன்படோம். அவர்தம் முற்காலத்துப் புராண ஓவியங்களில் இல்லாத உயிர்த்துடிப்பு இவற்றிலே உண்டு. உழைப்போரைக் கண்டு பழகிய கை, உழைப்போர் காணுதற்கென்றே அங்கு வரைந்தது. கண்காட்சிக்கூடத்துக்கென வரைபவனுக்கு அவ்வாய்ப்பு எங்ஙனங் கிட்டும்?

இந்திய அரசியலமைப்பின் கையெழுத்துப் படியை அணிசெய்யும் பொறுப்பு வந்தபோதும், அவர் தனித்து நில்லாது மாணாக்கரையுங் கூட்டிக்கொண்டே அதனை நிறைவேற்றினார். 1966இல் மறைந்த அவ்வாசிரியரின் பெயராலேயே அப்பணி இன்றும் வழங்கப்படுகின்றது. ஆயினும், முகப்புரைப் பக்கத்தின் ஓரத்திலே காணப்படுங் கையொப்பம், அதனைத் தீட்டிய மாணாக்கர் பியோஹார் ராம்மனோகர் சிங்ஹாவினுடையது.